இரும்பும் நீராவியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் போக்குவரத்து, தொழில்நுட்ப அருங்காட்சியகங்களைப் பற்றியவை. நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரிக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: விடுமுறையில் பிள்ளைகளை ரயில் இன்ஜின்களும் பழைய இயந்திரங்களும் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். அரை மணி நேரத்தில் "போகலாமா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஓடாமல் நிற்கிற இரும்பில் எதைப் பார்க்கச் சொல்வது? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

ப: எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று நினைப்பதால் வருகிற அலுப்பு இது. நாற்பது இன்ஜின்களை வரிசையாக நடந்தபடியே பார்த்தால் நாற்பதும் ஒரே கறுப்பு இரும்பாகத்தான் தெரியும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நில்லுங்கள். பிள்ளைகளிடம் இதை மட்டும் கேளுங்கள்: நெருப்பு எங்கே எரியும், சக்கரம் எங்கே இருக்கிறது, நடுவில் அந்தச் சக்தி எந்த வழியாகப் போகிறது? விரலால் காற்றில் அந்த வழியை வரைந்து காட்டச் சொல்லுங்கள். அடுப்பு, கொதிகலன், வால்வு, சிலிண்டர், பிஸ்டன், கம்பி, சக்கரம் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு போவார்கள்.

உதாரணத்துக்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்த நீராவி ரயில் இன்ஜினைச் சொல்கிறேன். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த போட்டியில் சோதனைகள் அத்தனையையும் முடித்துக் காட்டிய ஒரே இன்ஜின் அது. அதற்கு முன்பிருந்த இன்ஜின்களில் நெருப்பின் சூடு பெரிய குழாய் ஒன்றின் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகும். ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள், எல்லாமே தண்ணீருக்குள் முங்கியபடி. சூடு படும் பரப்பு பல மடங்காகிவிட்டது, நீராவியும் சட்டென்று பெருகியது. வேலை முடிந்து சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். அது மேலே பாயும்போது அடுப்பின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்துக்குப் புதுக் காற்று நெருப்புக்குள் வரும். இன்ஜின் வேகமாக ஓட ஓட நெருப்பும் வேகமாக எரியும். நீராவி இன்ஜின் என்றதும் நம் காதில் கேட்கிற 'குப்... குப்...' சத்தம் இந்த ஏற்பாட்டின் சத்தம்தான். அதைச் சொல்லிவிட்டு இன்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புகைபோக்கியே வேறு மாதிரி தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு நாம் பார்க்கிற அசல் ராக்கெட், போட்டியில் ஓடிய அந்த உருவத்தில் இல்லை. அப்போது சிலிண்டர்கள் கிட்டத்தட்ட 35 டிகிரி சாய்வில் மேலே நின்றன. வேகம் எடுத்தால் இன்ஜின் ஆடும். கொஞ்ச நாளிலேயே அவற்றைக் கீழே இறக்கிக் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் வைத்துவிட்டார்கள். ஒட்டுப்போட்ட இடம், பழைய துளையை அடைத்த இடம், தேய்ந்துபோன கைப்பிடி, இவை எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். விளக்கப் பலகையில் இருக்கிற வருடத்தைவிட இந்தத் தழும்புகள் அதிகம் சொல்லும்.

கே: தொடாதே, தொடாதே என்று எங்கு பார்த்தாலும் பலகை. இவ்வளவு கனமான இரும்பு, கை பட்டால் என்ன ஆகிவிடும்? (கல்லூரி மாணவர்)

ப: ஆகும். கைவிரல் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. மெருகேற்றிய இரும்பில் ஒரு விரல் பதிந்தால், துடைக்காமல் விட்டால், சில நாளில் அதே ரேகை வடிவத்திலேயே துரு பிடிக்கும். நீங்கள் ஒருவர் தொட்டால் அவ்வளவு பெரிதில்லை, பின்னால் வருகிற லட்சம் பேரும் அதே இடத்தைத்தான் தொடுவார்கள்.

ஆனால் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. கை வைக்காமல் இயந்திரம் புரியாது. 1903-இல் மியூனிக் நகரில் டாய்ச்சஸ் மியூசியத்தைத் தொடங்கிய ஆஸ்கர் வான் மில்லர் இதை அப்போதே யோசித்தவர். வருகிறவர்களே பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்கும்படியான மாதிரிகளும், உள்ளே இருப்பது தெரியும்படி குறுக்கே வெட்டிய இயந்திரங்களும் வைத்தார். அசலைக் கயிற்றுக்குப் பின்னால் வையுங்கள், பக்கத்திலேயே கை வைத்துச் சுழற்ற ஒரு மாதிரி வையுங்கள் என்றுதான் நானும் கேட்பேன். அசலையும் காட்டாமல் மாதிரியும் வைக்காமல் வெறும் திரைப் படம் ஓட்டும் இடங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கே: உலகின் முதல் கார் எது? ஒரு அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக்காரர் செய்தது என்கிறார்கள், இன்னொன்றில் ஜெர்மானியர் என்கிறார்கள். (ஒரு வாசகி)

ப: இரண்டும் சரி, கேள்விதான் வேறு. தானாக நகர்ந்த முதல் பெரிய வண்டி என்றால் நிக்கோலா கூனியோவின் நீராவி வண்டி. பீரங்கி இழுப்பதற்காக 1770-ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. அசல் இன்னும் பாரிஸில், ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூன்று சக்கரம், அதில் முன்சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பெரிய செப்புக் கொதிகலன் தொங்கும். அவ்வளவு எடையும் முன்னால் இருக்கும்போது அதைத் திருப்ப எவ்வளவு பாடு என்று பார்த்தாலே தெரியும்.

பெட்ரோலில் ஓடுவதற்கென்றே முழுசாக வடிவமைத்த வண்டி என்றால் கார்ல் பென்ஸ், 1886 ஜனவரி 29-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதிலும் மூன்று சக்கரம்தான், நான்கு சக்கர வண்டியைத் திருப்புகிற விதம் அவருக்கு அப்போது திருப்தியாக இல்லை. ஒரு குதிரைசக்திக்கும் குறைவு, மணிக்கு 16 கிலோமீட்டர் அளவில் போகும்.

ஆனால் அதை ஊர் நம்பும்படி செய்தவர் அவர் மனைவி பெர்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டரைத் தாண்டும் தூரம், ஓட்டிக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க் என்று ஒன்று இல்லாத காலம், வழியில் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். வண்டியில் என்னென்ன குறை என்பது அந்த ஒரே பயணத்தில் வெளியே வந்துவிட்டது. மேடு ஏறத் திணறுவதைப் பார்த்துவிட்டு இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். பல அருங்காட்சியகப் பலகைகளில் பென்ஸ் பெயர் பெரிசாகவும் பெர்தா பெயர் ஒரு வரியாகவும் இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், மின்சாரக் கார் புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்தால், சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியது 1899-இல் கமீல் ஜெனட்சி ஓட்டிய ஒரு மின்சாரக் கார்தான்.

கே: நீராவி இன்ஜின் பக்கத்தில் இரண்டு குண்டுகள் தொங்கிக்கொண்டு சுற்றும் ஒரு பொருள் இருக்கிறதே, அது எதற்கு? அலங்காரமா? (பத்தாம் வகுப்பு மாணவி)

ப: அந்த இன்ஜினிலேயே மிக முக்கியமான பொருள் அதுதான், நீ கவனித்ததற்குப் பாராட்டு. அதன் பெயர் கவர்னர். இன்ஜின் சுற்றும்போது குண்டுகளும் சேர்ந்து சுற்றும். வேகம் கூடினால் அவை வெளிப்பக்கமாக விரிந்து மேலே எழும். எழும்போது ஒரு வளையத்தை இழுக்கும், வளையம் ஒரு நெம்புகோலை அசைக்கும், நெம்புகோல் நீராவி வரும் வழியைக் கொஞ்சம் மூடும். நீராவி குறைந்தால் வேகம் குறையும், குண்டுகள் இறங்கும், வழி மறுபடி திறக்கும். ஆள் யாரும் நின்று பார்க்க வேண்டாம், இன்ஜின் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மாவு அரைக்கும் காற்றாலைகளில் இந்தக் குண்டு முறை முன்பே இருந்தது. ஜேம்ஸ் வாட் 1788-இல் அதை நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்தார். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சில இன்ஜின்களில் வேகம் கூடி, குறைந்து, கூடி, குறைந்து ஊசலாடிக்கொண்டே இருக்கும், ஒரு நிலைக்கு வராது. ஏன் என்று கணக்குப் போட்டு 1868-இல் கட்டுரை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்தச் சமன்பாடுகளுக்காக நீ மேல்வகுப்பில் படிக்கப்போகும் அதே மேக்ஸ்வெல். இன்று ஏசி அறையின் குளிரை ஒரே அளவில் வைப்பதற்கும் விமானம் தானாகப் பறப்பதற்கும் பின்னால் இருக்கிற கட்டுப்பாட்டியல் அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. அடுத்த முறை போகும்போது குண்டிலிருந்து வால்வு வரைக்கும் உள்ள கம்பிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பின்தொடர்ந்து பார்.

கே: தண்டவாளத்தின் அகலம் ரோமானியர்களின் ரதத்திலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நேர்க்கோடாக வந்ததற்கு ஆதாரம் இல்லை. குதிரை இழுக்கும் வண்டி என்றால் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அகலம்தான் வரும், அந்த ஒற்றுமை மட்டும்தான். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் போட்டிருந்த தண்டவாளங்களில் பலவித அகலங்கள் இருந்தன. ராக்கெட்டைக் கட்டிய ராபர்ட்டின் தந்தை ஜார்ஜ் ஸ்டீபன்சன், தான் வேலை பார்த்த சுரங்கத்தின் தண்டவாள அகலமான 4 அடி 8 அங்குலத்தையே பிடித்துக்கொண்டார். வளைவில் சக்கரம் இறுகாமல் இருக்கப் பிறகு அரை அங்குலம் கூட்டினார்கள், அதுதான் இன்றைய 1435 மில்லிமீட்டர். அதைவிட அகலம்தான் நல்லது என்று இசம்பார்ட் பிரூனல் என்ற பொறியாளர் 7 அடிக்கும் சற்று அதிகமாகப் பாதை போட்டார். அவருடைய ரயில்கள் வேகமாகவும் ஆட்டம் இல்லாமலும் ஓடின. ஆனால் அதற்குள் ஸ்டீபன்சன் பாதை பல மடங்கு நீளத்துக்குப் போடப்பட்டுவிட்டது. 1846-இல் சட்டமும் அதன் பக்கம் வந்தது, 1892-இல் பிரூனலின் அகலப் பாதை முழுவதுமாக எடுக்கப்பட்டது. நல்லதைவிட முதலில் பரவியது ஜெயிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கே: நல்ல நிலையில் இருக்கும் பழைய இன்ஜின்களை ஏன் ஓட்டிக் காட்டுவதில்லை? பூட்டி வைப்பது பாவம் இல்லையா? (ரயில் ஆர்வலர்)

ப: இந்தத் துறையில் இருப்பவர்களே வருடக்கணக்காக வாதாடிக்கொண்டிருக்கிற கேள்வி இது. ஓட்டாததற்கு முதல் காரணம் கொதிகலன். தண்ணீர் நீராவியானால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு இடம் பிடிக்கும், அதை அடைத்து வைத்திருக்கிற பாத்திரம் அது. உள்ளே தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிச் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் தகடு விட்டாலும் கசியும், வெடிக்காது. இந்தச் சோதனையில் தேறாத கொதிகலனில் தகடோ குழாயோ மாற்றியாக வேண்டும், அங்கேதான் சண்டை. அசலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் அது என்ன அருங்காட்சியகப் பொருள் என்பார்கள் ஒரு பக்கத்தார். ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே பெரிய பணிமனைகளில் கொதிகலனை ஒரு இன்ஜினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தான் ஓட்டினார்கள், இப்போது மட்டும் என்ன புதுக் கற்பு என்பார்கள் மறு பக்கத்தார்.

என் நிலை இது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் தொடக்கூடாது. 1813-14 காலத்துப் 'பஃபிங் பில்லி', இன்று மிஞ்சியிருக்கும் நீராவி ரயில் இன்ஜின்களிலேயே பழையது, லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதை ஓட்டிப் பார்க்க யாரும் கேட்கக்கூடாது. அதன் ஒவ்வொரு தேய்மானமும் ஆவணம். அப்படிப்பட்டவற்றுக்கு நகல் செய்து ஓட்டலாம், ராக்கெட்டுக்கு 1979-இல் அப்படித்தான் செய்தார்கள். அதே வகையில் பல மிஞ்சியிருந்தால் ஒன்றையாவது கட்டாயம் ஓட்ட வேண்டும். 1855-இல் செய்யப்பட்ட, இந்தியாவில் இருக்கும் 'ஃபேரி குவீன்' இன்ஜின் 1909-இல் ஓய்வு பெற்று, 1997-இல் மறுபடி தண்டவாளத்தில் ஓடியது. இங்கிலாந்தின் கிராஃப்டனில் 1812-இல் வைத்த நீராவி பம்ப் இன்றும் அதே இடத்தில், கால்வாய்க்குத் தண்ணீர் ஏற்றும் அதே வேலையைச் செய்யும் நிலையில் இருக்கிறது.

கட்டாயம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேடிக்கை காட்டுவது மட்டும் இல்லை. இன்ஜினை இரும்பாகப் பாதுகாத்துவிடலாம், அதை ஓட்டுகிற வித்தையை அப்படிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. கரியை எங்கே மெல்லிசாக, எங்கே கனமாகப் பரப்புவது, புகையின் நிறத்தைப் பார்த்து நெருப்பைப் படிப்பது, வெளியேறும் நீராவியின் சத்தத்தில் வால்வு சரியாக இல்லை என்று கண்டுபிடிப்பது, மேடு வருவதற்கு எவ்வளவு முன்னால் தண்ணீர் விடுவது, இதெல்லாம் ஒரு ஃபயர்மேன் (இன்ஜினில் கரி போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்பவர்) இன்னொரு ஃபயர்மேனின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவை. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் போச்சு. வருடத்துக்குச் சில நாளாவது ஓடும் இன்ஜின் அந்த இடைவெளியை விழவிடாமல் வைத்திருக்கிறது.

கே: ரயில், விமானம் எல்லாம் சரி. லேத், டிரில்லிங் மெஷின், பெல்ட் என்று ஒரு கூடம் இருக்கிறதே, அங்கே யாரும் நிற்பதே இல்லை. அதை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு கார் வைக்கலாமே? (ஒரு வாசகர்)

ப: வேண்டவே வேண்டாம்! என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய கூடம் அதுதான். மற்ற கூடங்களில் இருக்கிற ஒவ்வொன்றும் அங்கிருந்துதான் பிறந்தது.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு போல்ட்டின் மரை அதற்கென்று செய்த நட்டில் மட்டும்தான் ஏறும். இயந்திரத்தைக் கழற்றினால் எந்த நட் எந்த போல்ட்டுக்கு என்று குறித்து வைக்க வேண்டும், கலந்துவிட்டால் தீர்ந்தது. 1800-ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லி ஒரு லேத் செய்தார். வெட்டும் உளியை ஆள் கையில் பிடிக்காமல் ஒரு நகரும் தாங்கியில் இறுக்கினார், அந்தத் தாங்கியை ஒரு துல்லியமான திருகுத்தண்டு நகர்த்தும், பல்சக்கரத்தை மாற்றினால் மரையின் இடைவெளி மாறும். ஒரு நல்ல திருகுத்தண்டு இருந்துவிட்டால் அதே அளவில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம், அதில் ஒன்றை வைத்து அடுத்த லேத்தையும் செய்யலாம். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்கு 55 டிகிரி கோணம், இந்த விட்டத்துக்கு இத்தனை மரை என்று நாடு முழுக்க ஒரே அளவை முன்மொழிந்தார். ஒரு ஊரில் செய்த போல்ட் இன்னொரு ஊர் நட்டில் ஏறுகிறது என்பதை நாம் இன்று கவனிப்பதே இல்லை.

அந்தக் கூடத்தில் கூரையை ஒட்டி ஒரு நீளமான ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஓடும், நிமிர்ந்து பாருங்கள். தொழிற்சாலைக்கே ஒரு நீராவி இன்ஜின், அது அந்த ஷாஃப்டைச் சுழற்றும், அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி இருக்கும். ஒன்று தண்டோடு இறுகியது, மற்றது சும்மா சுற்றுவது. லேத்தை நிறுத்த வேண்டும் என்றால் ஒரு கோலால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளுவார்கள். சட்டைக் கையோ தலைமுடியோ பெல்ட்டில் சிக்கினால் நிறுத்த அவ்வளவுதான் வழி, இன்ஜின் எங்கோ அடுத்த கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெல்ட்டுக்கு எட்டும் இடத்தில்தான் இயந்திரம் வைக்க முடியும் என்பதால் வேலையின் வரிசையை ஷாஃப்ட்தான் தீர்மானித்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வந்த பிறகுதான் அது மாறியது.

இன்னொரு கணக்கும் அந்தக் கூடத்துக்கு உரியது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில், மார்க் பிரூனல் (இசம்பார்டின் தந்தை) வடிவமைத்து மாட்ஸ்லி செய்துகொடுத்த 45 இயந்திரங்கள், கப்பல்களுக்கான மரக் கப்பிகளைச் செய்தன. 110 கைதேர்ந்த ஆட்களின் வேலையை 10 பேர் செய்தார்கள், 1808-இல் மட்டும் 1,30,000 கப்பிகள். அந்தப் பத்துப் பேர் கைதேர்ந்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மீதி நூறு பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு பலகை அங்கே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கே: பழைய விமானக் கருவிகளுக்குப் பக்கத்தில் கதிரியக்க எச்சரிக்கை பார்த்தேன். பயப்பட வேண்டுமா? (ஒரு வாசகி)

ப: கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர் பயப்பட வேண்டாம். இருட்டில் முள் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும், ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிலேயே கெட்டுவிடும். அதனால் ஒளிரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பழைய பொருட்கள் சேர்ப்பவர்கள் அப்படிப்பட்ட கருவியைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் சுற்றிய பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறையும் அப்படித்தான், அசைக்காதவரை சும்மா இருக்கும், உடைத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும்.

கே: என் தாத்தா வாழ்நாள் முழுக்க டர்னர், லேத்தில் கடைசல் வேலை செய்தவர். அவருடைய பழைய லேத் வீட்டில் இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டது. சுத்தம் செய்து பெயின்ட் அடித்து ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். (ஒரு பேரன்)

ப: தம்பி, பெயின்டைத் தொடாதீர்கள். பழைய பெயின்ட் அடுக்குகளைப் பார்த்து அது எப்போது, எந்தப் பட்டறையில் இருந்தது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். மணல் தாள் போட்டால் வரிசை எண்ணும் அளவுக் கோடுகளும் போய்விடும். தளர்ந்த தூசியைத் துணியால் எடுங்கள், பெயின்ட் இல்லாத இரும்பில் மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள், சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் கட்டையில் ஏற்றுங்கள், ஈரம் சேராத இடமாக இருக்கட்டும். அவ்வளவு போதும்.

கொடுப்பதற்கு முன் எழுதிக் கேளுங்கள், நேராகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். இடமில்லை, இதே மாதிரி ஏற்கனவே இருக்கிறது என்று மறுக்கலாம், அதற்காக மனம் உடைய வேண்டாம். இன்னும் ஓடும் லேத் என்றால் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் அதற்கு நல்ல வாழ்க்கை கிடைக்கும். அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளுமா என்பது பெரும்பாலும் அதோடு வருகிற கதையைப் பொறுத்தது. எங்கே, எப்போது வாங்கியது, அதில் என்னென்ன செய்தார், கணக்குப் புத்தகம், வரைபடம், பட்டறையில் எடுத்த புகைப்படம், அவரே செய்துகொண்ட உளிகள், இவையெல்லாம் லேத்தோடு சேர்ந்தே இருக்கட்டும், பிரிக்காதீர்கள்.

ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. தாத்தாவை லேத் முன்னால் உட்காரவைத்து, போனில் வீடியோ எடுங்கள். முகத்தைவிடக் கையை எடுங்கள். உளியை எந்த உயரத்தில் வைப்பார், எந்தச் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைப்பார், சீவல் எந்த நிறத்தில் வந்தால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம், தேய்ந்துபோன பாகத்தை வைத்துக்கொண்டே அளவு தவறாமல் எப்படி வேலை எடுத்தார் என்று கேளுங்கள். ஓட்டிக் காட்ட முடிந்தால் சத்தத்தோடு பதிவு செய்யுங்கள், முடியாவிட்டால் கையால் சும்மா சுற்றியாவது காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் அவரோடு வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், இரண்டு டர்னர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் தனியாகக் கேட்டால் வராததெல்லாம் பேச்சில் வரும். வீடியோவை இரண்டு மூன்று இடத்தில் சேமித்துவிட்டு, ஒரு பிரதியை அருங்காட்சியகத்துக்கு எழுதும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.